மூன்றாம் கை

அந்தக் கல்லைப் பார்த்த முதல் நாளே மாதையனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பளவு உயரம், உருண்டைக் கல். ரோமாபுரிக்காரன் என்றோ நட்ட மைல் கல்லாம். நம் ஊர் ரோட்டோரம் கிடந்தால் நாய்கூட யோசிக்காமல் காலைத் தூக்கும். அதற்கு இங்கே ஆய்வகத்தில் குளிர்பதன அறை, பஞ்சு மெத்தை, காவலுக்கு இரண்டு ஆள்.

வெளியே, கேட்டுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் மாரக்கா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே செத்துப்போய் மடியில் கிடந்தது. அதைத் தூக்கி வைக்க இடது கை வேண்டியிருந்தது.

ஆய்வகத்துக்குள்ளேயே நல்ல ஆஸ்பத்திரி உண்டு. நரம்பு வைத்தியத்துக்கு அதுபோல மூன்று மாவட்டத்தில் இல்லை. ஆனால் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான் வைத்தியம். மாரக்காவின் பேர் அதில் இல்லை. ‘கை 2’ என்று இருந்தது. கை 2-க்குக் கட்டில் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கை 2 என்பது ஆள் இல்லையாம், கருவியின் பாகமாம். இன்னும் பத்து நாள் இப்படியே விட்டால் தோள் வரைக்கும் ஏறும், அதற்கப்புறம் மூச்சுக்கே ஆபத்து என்று அதே ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் கேட் வழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாதையன் கை 3. கை 1 யார் என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

அவனை வேலைக்கு எடுத்த அன்றைக்கு டாக்டர் வினோதினிதான் எல்லாவற்றையும் விளக்கினாள். அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்வெட்டுப் படித்தவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. நல்லவள் என்று சொல்வதற்கும் அவள் இதுவரை ஒன்றும் செய்யவில்லை.

“கல்லுக்கு மறதி கிடையாது, மாதையன். உளி விழுந்தா மேல ஒரு பள்ளம் தெரியுதில்ல? அதுக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாம விரிசல் ஓடும். மேல இருக்கறத எவ்வளவு சுரண்டி அழிச்சாலும் உள்ள ஓடுன விரிசல் போகாது. எங்க மிஷின் அத்தனையும் படிச்சிடும்.”

“அப்புறம் நான் எதுக்கும்மா?”

“எழுதுன அடி எது, அழிச்ச அடி எதுன்னு மிஷினுக்குப் பிரிக்கத் தெரியல. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுது. அந்த அடிகள அப்படியே திருப்பி ஒரு கல்லு வேலக்காரர் கைக்குள்ள விட்டா, அவர் கை பிரிச்சுடுது.”

“இந்தக் கல்லு வந்த தேசத்துல கல்லு வேலக்காரங்க இல்லியா?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அங்க இதுக்கு மனுசக் கைய வைக்கக் கூடாதுன்னு சட்டம்.”

“அதான் கல்லு கப்பலேறி வந்துடுச்சா” என்றான் மாதையன். அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். “எழுத்து தெரியுமா? எந்த மொழியிலயாவது?”

“தெரியாதுங்க.”

“நல்லது. எழுத்து தெரிஞ்ச கை யூகம் பண்ணும். பாதி எழுத்து வந்ததுமே மீதிய மனசு போட்டு நிரப்பிடும். யூகம் பண்ணாத கைதான் எங்களுக்கு வேணும். தெரிஞ்சவங்க படிச்சது செல்லாது, ஒப்பந்தத்துலயே இருக்கு.”

மாதையன் கட்டைவிரலை மையில் அமுக்கி உருட்டினான். அது பொய். ஐம்பத்தோரு வயதில் அவன் எழுத்துக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தவள் மாரக்கா. குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டே, கரித்துண்டால் பலகைக் கல்லில் ஒரு நாளைக்கு ஒரு எழுத்து என்று போட்டுக் காட்டினாள். தப்பாக எழுதினால் ஜல்லியை எடுத்து முதுகில் போடுவாள். அவளும் இங்கே கைநாட்டுதான் வைத்திருந்தாள். குவாரியை மூடி ஆளை விரட்டிவிட்ட வருசம் அது. வயிற்றுக்காக, ஏழு வருசமாகக் கையெழுத்துப் போட்ட விரலை மறுபடியும் மையில் தோய்த்ததுதான் மாதையனுக்கு உறுத்தல்.

மாரக்காவின் கை போனது மேல் வரிகளைப் படித்ததில். வெல்ல முடியாதவர், பெருமை மிக்கவர் என்று அரசனின் பட்டங்கள். ஒவ்வொரு அடியும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மிச்சம் ஒரே ஒரு வரி. அரசனின் பேர் இருந்த வரி. அதைத்தான் ஆழமாக அழித்திருந்தார்கள்.

அந்த வரிக்கு உட்காரும் நாள் காலையில் மாதையன் வினோதினியிடம் கேட்டான்: “யாரும்மா இந்த ராசா? இவன் பேருக்காக ரெண்டு கை போயிருக்கு. மூணாவதும் போகப் போகுது. ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்.”

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். “அசல் ராஜா இல்ல. திடீர் ராஜா. ரோமாபுரி தேஞ்சுக்கிட்டிருந்த காலம். வடக்கு எல்லையில ஒரு படை. அரிசி இல்ல, செருப்பு இல்ல…”

“அங்க ஏதும்மா அரிசி?”

“சரி, ரொட்டி இல்ல. கேக்க நாதியில்ல. ஒருநாள் சிப்பாய்ங்கெல்லாம் சேர்ந்து ஒரு ஆளப் புடிச்சுக் கேடயத்துமேல ஏத்தித் தூக்கிட்டாங்க. நீதான் எங்க ராஜான்னு. அவர் மாட்டேன்னு கத்துனாராம். வேண்டாம்னா இவங்களே வெட்டிருப்பாங்க. சரின்னா அசல் ராஜா வெட்டுவார். ராஜா மட்டும்தான் ஊதா கட்டலாம், அதுக்குத் துணி இல்ல. படைக்கொடியக் கிழிச்சுப் போத்தி விட்டாங்க.”

“எந்த வம்சம்?”

“ரோடு போடற கூலிக்காரரோட மகன்.”

மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நூறு நாள் ஆண்டார். அவரப் பத்தி அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் எழுதின ஒரு பத்திதான் மிச்சம். அதுலயும் பேரில்ல. முழுக்க நக்கல். ‘இந்தக் கோமாளியின் பேரை ஒரு கல்தச்சன் மைல் கல்லில் பிழையாக வெட்டினான். அவன் கையை வெட்டாமல், உளி பிடிக்கிறவனுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று உத்தரவு போட்டான். இப்படிப்பட்டவன் எப்படி ஆள்வான்?’ அப்படின்னு.”

“அப்புறம்?”

“அசல் ராஜா பெரும்படையோட வந்தார். தூக்கி வச்சவங்களே புடிச்சுக் குடுத்துட்டாங்க. முதல்ல வலது கைய வெட்டி, கழுதைமேல ஏத்தி ஊர் சுத்த விட்டு, அப்புறம் தலைய எடுத்தாங்க. எங்கெங்க பேர் இருந்ததோ அங்கெல்லாம் அழிக்கச் சொன்னாங்க.”

மாதையன் தன் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டான். முப்பது வருசத்துக்கு முந்தி, எழுத்துத் தெரியாத காலத்தில், ஒரு பாலத்துத் திறப்பு விழாக் கல்லுக்கு அவன் எழுத்து வெட்டினான். பெயிண்டரு வரைந்து கொடுத்த கோட்டின்மேல் உளியை ஓட்ட வேண்டியதுதான் வேலை. ‘குமரவேலன்’ என்று மந்திரி பேர். பெயிண்டு ஒரு சொட்டு ‘ம’ தலைமேல் விழுந்து காய்ந்திருந்தது. அதுவும் எழுத்தோடு சேர்த்தி என்று நினைத்து மாதையன் பக்குவமாக ஒரு புள்ளி வெட்டினான். மந்திரி திரையை விலக்கினால் ‘கும்ரவேலன்’. கூட்டம் மொத்தமும் பார்க்க ஒருத்தன் அவனைக் கன்னத்தில் அறைந்தான். நாலு வருசம் கழித்து ஆட்சி மாறியது. அதே கல்லில் அதே பேரை அழிக்க அவனையே கூப்பிட்டார்கள். எழுதுகிற அடிக்கும் அழிக்கிற அடிக்கும் அவன் கையில் பழக்கம் உண்டு.

அவனை யாரும் எழுத்துப் படிக்க வைக்கவில்லை. அறைந்ததோடு சரி.

கையைக் கருவியின் உறைக்குள் விட்டு முழங்கை வரை இறுக்கிக் கட்டினார்கள். இடது பக்கம் ஒரு தட்டில் மணல். வலது கை உணர்வதை இடது விரலால் மணலில் வரைய வேண்டும். அந்த எழுத்து என்ன என்று அவனுக்குத் தெரியாது. வினோதினிக்குத் தெரியும்.

கருவி முனகியது. முதல் அடி விழுந்தது.

எழுதியவனுடைய அடி. வேலை தெரிந்த கை. ஆனால் நாலு அடிக்கு ஒரு தரம் உளி இடப்பக்கம் சறுக்கியது. எப்போதோ கட்டைவிரல் நசுங்கினவன் என்று மாதையன் கண்டுகொண்டான். தொடக்கத்தில் அவசரமும் நடுக்கமும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஈட்டியோடு எவனாவது நின்றிருப்பான். எழுத்துத் தெரியாதவன் என்பதும் புரிந்துவிட்டது. கோடு எங்கே போகிறதோ அங்கே போகிறான், ஒரு எழுத்து முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்தில் மூச்சு விடவில்லை. நடுவில், சம்பந்தமே இல்லாத இடத்தில், பக்குவமாக ஒரு பொட்டு.

மாதையனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே புரிந்தது. இது அந்தக் கல். அந்தக் கோமாளி அரசன் கையை வெட்டாமல் விட்ட ஆள் இவன்.

விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கின. வினோதினி, “போதுமா?” என்றாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

பிறகு அழிக்கிற அடி வந்தது. நாலு அடிக்கு ஒரு தரம் இடப்பக்கம் சறுக்கியது. எழுதியவனையே கூப்பிட்டு அழிக்க வைத்திருக்கிறார்கள், பாவிகள்! ஆனால் இப்போது கை வேறு மாதிரி நடந்தது. எழுத்துத் தெரியாதவன் அழித்தால் சட்டியைச் சுரண்டுகிறதுபோல மொத்தமாகச் சுரண்டுவான். இவன் ஒவ்வொரு எழுத்தாக நின்று, அதன் முடிவில் மூச்சு வாங்கி, அடுத்ததற்குப் போனான். படித்துக்கொண்டே அழித்தான். அந்தப் பொட்டின்மேல் மட்டும் உளி வெகுநேரம் விழவில்லை. கடைசியில் விழுந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு விழுகிற அடியாக.

கருவி நிற்கப் போகிற சமயத்தில் மூன்றாவதாக ஒன்று வந்தது. யாரும் எதிர்பார்க்காதது.

அழித்த பள்ளத்துக்குள்ளே, இரண்டு காயங்களுக்கு நடுவே மிஞ்சிய கையகல இடத்தில், சின்னச் சின்னதாகச் சில அடிகள். முதல் எழுத்தில் தேவையில்லாத அழுத்தம். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கித் திணிப்பு. அது முடிந்ததும் பிசுபிசுவென்று எதையோ குழைத்துப் பூசி மூடியது போலக் கல் மங்கிவிட்டது.

மாதையன் அடையாளம் கண்டுகொண்டான். ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு பலகைக் கல்லில் அவனும் அப்படித்தான் எழுதினான். ‘மா’வைத் தேங்காய் அளவுக்குப் போட்டுவிட்டு, கடைசி ‘ன்’னுக்கு இடமில்லாமல் ஓரத்தில் ஒட்டவைத்தான். பிறந்ததிலிருந்து எழுதாத தன் பேரை முதல் தடவை எழுதுகிறவனுக்கு மட்டும் வருகிற கோணல் அது. இந்த ஆள் அரசன் பேரை அழித்த பள்ளத்தில் தன் பேரை எழுதி மூடியிருக்கிறான்.

மாதையன் மணலில் கை வைக்கவில்லை.

“என்ன ஆச்சு? ஏன் வரையல?” என்றாள் வினோதினி.

“பேரு என் கையில இருக்கு. மாரக்கா பேரு பதிவேட்டுல ஏறட்டும். அப்புறம் வரையறன்.”

கால் மணி நேரத்தில் இயக்குநர் சோமசேகர் வந்துவிட்டார். மறுநாள் காலையில் கல்லுக்குத் திரை விலக்கு விழா. வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். பலகையில் பேருக்கு மட்டும் இடம் விட்டு மீதியெல்லாம் பொறித்தாகிவிட்டது.

“என்ன மாதையா, கோபமாமே?” என்று தோளில் கை போட்டார். “கேட்டிருந்தா நானே செஞ்சிருப்பேனே. இதோ பாரு, கையோட கொண்டுவந்துட்டேன்.” ஒரு தாளை நீட்டி, விரலை ஓட்டிப் படித்துக் காட்டினார். “மாரக்கா என்பவர் இந்த ஆய்வகத்தில் இரண்டு வருடம் பணியாற்றினார், அவருக்கு முழு வைத்தியமும் அளிக்கப்படும். சரியா? சாட்சிக்கு நீ ஒரு ரேகை வச்சுடு. மை எங்கம்மா, வினோதினி?”

வினோதினி தாளை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

மாதையன் தாளை இடது கையால் வாங்கினான். வலது கை உறையை விட்டு வெளியே வந்தும் வராததுபோல மடியில் கிடந்தது. அவன் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். ஜல்லி உடைக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக உடைத்தான்.

“மாரக்கா… என்பவர்… இந்த ஆய்வகத்தில்… எந்தப் பணியிலும்… இருந்ததில்லை. அவரது… கை ஊனத்துக்கும்… ஆய்வகத்துக்கும்… தொடர்பு இல்லை… என்று… சாட்சியாக… உறுதி… செய்கிறேன்.”

சோமசேகர் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“உனக்கு… உனக்கு எழுத்து தெரியுமா?”

“தெரியும்.”

“எவன்டா சொல்லிக்குடுத்தான்?”

“இங்க வேலையிலயே இல்லன்னு எழுதிக் கொண்டாந்திருக்கீங்களே, அவ.”

சோமசேகரின் குரல் ஏறியது. “பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்கே. ரெண்டு பேரும்! ஏமாத்துக் கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன், தெரியுமா?”

“தள்ளுய்யா!” மாதையன் எழுந்தே விட்டான். வாழ்க்கையில் இப்படி ஒரு சத்தம் தன்னிடமிருந்து வந்து அவன் கேட்டதில்லை. “கோர்ட்டுல வச்சுப் படிச்சுக் காட்டறன். எழுத்து தெரிஞ்ச கை படிச்சது செல்லாதுன்னு உங்க ஒப்பந்தமே சொல்லுது. அப்ப அவ படிச்சதும் செல்லாது, நான் படிச்சதும் செல்லாது. நாளைக்கு வர்ற வெள்ளக்காரங்களுக்கு என்னத்தக் காட்டுவ? நாய் கால் தூக்குற கல்லக் காட்டுவியா? கை போச்சுன்னு வாசல்ல உக்காந்திருக்கா ஒருத்தி. அவளத் தாண்டித்தான் தெனம் கார்ல வர்ற. ஒரு பேருய்யா! நாலு எழுத்து! அத எழுத உனக்கு என்ன வலிக்குது?”

சோமசேகர் வினோதினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவர் சொல்றது சரி சார். செல்லாது” என்றாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்த முதல் நல்ல காரியம் அது.

தாள் மறுபடியும் அச்சாகி வந்தது. மாதையன் மூன்று தடவை படித்தான். இரண்டாம் தடவையில் ‘தற்காலிகமாக’ என்று ஒரு சொல் நுழைந்திருப்பதைக் கண்டுபிடித்து நீக்க வைத்தான். முத்திரை விழுந்தது. பதிவேட்டைத் தன் முன்னால் திறந்து எழுத வைத்தான். கண்ணாடிச் சுவர் வழியாக மாரக்காவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோவது தெரிந்தது. அவள் காவல்காரனைத் திட்டிக்கொண்டே போனாள்.

அப்புறம் அவன் மணல் தட்டின் முன் உட்கார்ந்தான்.

அரசன் பேர், கல்தச்சன் பேர் இரண்டும் கைக்குள் இருந்தன. அந்த அரசன் பேரைச் சொன்னால் என்ன தப்பு? அவனும் கூலிக்காரன் மகன். அழிக்கப்பட்டவன். அறைவதற்குப் பதிலாக எழுத்துக் கொடுத்தவன். மாதையனின் விரல் மணலுக்கு மேலே நின்றது. அந்த நூறு நாள் ஆட்சியில் மிச்சமானது என்ன என்று யோசித்தான். ஒரு கல்தச்சன் தன் பேரைத் தானே எழுதினான், அவ்வளவுதான்.

வரைந்தான். நேர்க்கோடும் அடியில் ஒரு வாலும், ஒரு கவட்டை, இரண்டு பிறை, நெருக்கலில் ஒரு வட்டம்.

வினோதினி குனிந்தாள். “லு… க்… கோ. லுக்கோ!” பின்பு நெற்றியைச் சுருக்கினாள். “அவ்வளவுதானா? வரி நீளமா இருக்கே. ராஜாவுக்கு இவ்வளவு சின்னப் பேரா?”

“ரோடு போடறவன் மகனுக்கு எம்மாம் நீளத்துக்கும்மா பேரு வைப்பாங்க?”

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ‘லுக்கோ’ என்று எழுதிக்கொண்டாள்.

அன்று மாலையே மாதையனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்கள். மறுநாள் பார்வையாளர் நேரத்தில், வருகைச் சீட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். மாரக்காவின் கையில் ஏதேதோ கம்பிகள் செருகியிருந்தன. எதிர்ச் சுவர் டி.வி.யில் விழா ஓடிக்கொண்டிருந்தது. திரை விலகியது. பொன் எழுத்தில் பேரரசர் லுக்கோ. வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சோமசேகர் ஒலிவாங்கியில், “முழுக்க முழுக்க எங்கள் கருவியின் சாதனை” என்றார்.

“கருவியாம்” என்று மாரக்கா பல்லைக் கடித்தாள். “வாயில ஜல்லியப் போட்டு மெல்ல விடணும் அவன. அது கெடக்கட்டும். அந்த ராசா பேரு நல்லாத்தான் இருக்கு.”

“அது ராசா பேரு இல்லக்கா.”

“பின்ன?”

“கல்லு கொத்துனவன் பேரு. நம்மாளு.”

மாரக்கா டி.வி.யைப் பார்த்தாள். நின்றபடி கைதட்டுகிறவர்களைப் பார்த்தாள். கட்டில் குலுங்கும்படி சிரித்தாள், கம்பிகள் ஆடின. “அடப்பாவி! கூலிக்காரன ராசாவாக்கிட்டியா? அப்ப அந்த ராசா?”

“அவன் பேரு இதுலதான் கெடக்குது.” மாதையன் மடியில் கிடந்த வலது கையைக் காட்டினான். “இனிமே எடுக்க வராது.”

மாரக்கா தலையைத் திருப்பிக் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த வெள்ளைப் பலகையை முகவாயால் சுட்டினாள். “அந்த நர்சுப் பொண்ணு எழுதியிருக்கறதப் பாரு. படிச்ச புள்ள.”

பலகையில் ‘மாரககா’ என்று இருந்தது.

மாதையன் நூலில் கட்டித் தொங்கிய பேனாவை இடது கையில் பிடித்தான். எழுதிப் பழகாத கை. முதல் ‘க’வின் தலைக்குமேல் குறிபார்த்து, அழுத்தி, ஒரு புள்ளி வைத்தான். மை கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடியது.

“ஏழு வருசமா சொல்றன்” என்றாள் மாரக்கா. “புள்ளிய உருண்டையா வைடா.”